வீட்டுக் கணினியில் பி.டி.எஃப். திறக்கவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

செந்தூலிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் சொல்வது இது: அண்ணன் விட்டுச் சென்ற விண்டோஸ் 7 கணினியில், வங்கி மின்னஞ்சலில் அனுப்பும் மாத அறிக்கை திறப்பதே இல்லை, மகளின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பும் பயிற்சித்தாள் திறக்கிறது, ஆனால் தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன, கடைக்காரர் ஆண்டுச் சந்தா கட்டும் மென்பொருள் ஒன்றை வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா? இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. குறை கணினியில் உள்ளதா, கோப்பைத் திறந்து காட்டும் ரீடரில் உள்ளதா, அல்லது உங்களுக்கு வந்து சேர்ந்த கோப்பிலேயே உள்ளதா என்பது தெரிந்தால்தான் காசு செலவழிப்பதில் பொருள் உண்டு. பட்டர்வொர்த்தில் வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்ப்பது எனக்கு இருபது ஆண்டுத் தொழில். அதற்கு முன்பு ஓர் அச்சகத்தில் தமிழ்ப் பக்கங்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு கோப்புகளுக்கும் பெரும்பாலும் இரண்டு வேறு நோய்கள்; சந்தா மென்பொருள் இரண்டையும் குணப்படுத்தாது.

காசு கட்டி வாங்கும் மென்பொருள்கள் பி.டி.எஃப். பக்கங்களைத் திருத்தவும், பிரிக்கவும், ஒட்டவும் பயன்படுபவை. படிப்பதற்கு எவரும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அடோபி நிறுவனம் 1993-இல் இந்த வடிவத்தை வெளியிட்டபோது படிக்கும் செயலியைக்கூட விலைக்குத்தான் விற்றது. பின்னர் அதை இலவசமாக்கியது. 2008-இல் இவ்வடிவம் ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தரமாகவே ஏற்கப்பட்டது. ஒரு கோப்பின் உள்ளமைப்பு பொதுத் தரமாகிவிட்டால் அதைப் படிக்கும் செயலியை எவரும் எழுதலாம். ஆகவேதான் இன்று குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகள் ஒவ்வொன்றும் தமக்குள்ளேயே ஒரு ரீடரை வைத்திருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் 2013 முதலே அப்படித்தான். ஆப்பிள் கணினியில் பிரிவியூ என்னும் செயலி உடன்வருகிறது. விண்டோஸ் 10, 11 உள்ள வீட்டில் எதையும் நிறுவாமலே கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் 'இதைக் கொண்டு திற' என்னும் பொருள்தரும் வரியைத் தேர்ந்து, ஏதேனும் ஓர் உலாவியைக் காட்டினால் போதும். உலாவியில் திறந்தால் கோப்பு இணையத்துக்குப் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். வட்டில் உள்ள கோப்பை உலாவியின் ரீடர் உங்கள் கணினிக்குள்ளேயே வைத்துத்தான் படிக்கிறது. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்த்தால் நீங்களே உறுதிசெய்து கொள்ளலாம்.

உங்களிடம் இருப்பது விண்டோஸ் 7 என்பதால் ஒரு சிறு மாற்றம் தேவைப்படுகிறது. குரோம் 2023-இன் தொடக்கத்தில் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. அதில் இப்போது உள்ள பதிப்பு பழையதாகவே நின்றிருக்கும். இத்தகைய கணினிகளுக்கு நான் வழக்கமாக இட்டுக்கொடுப்பது சுமாத்ரா பி.டி.எஃப். என்னும் சிறு செயலி. முற்றிலும் இலவசம், அடோபியின் ரீடர் பல நூறு மெகாபைட் இடம் கேட்கும்போது இது சில மெகாபைட்டில் அடங்கிவிடும், நினைவகம் குறைந்த பழைய பெட்டியிலும் தாமதமின்றித் திறக்கும். படிவங்களை நிரப்ப இது உதவாது. படிக்கவும் அச்செடுக்கவும் போதும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளிலும், பக்கத்தின் நடுவே பச்சை நிறத்தில் மின்னும் பெரிய பொத்தான்களிலும் கைவைத்துவிட்டுப் பிறகு என்னிடம் வந்த கணினிகளுக்குக் கணக்கில்லை.

இனி நோயைக் கண்டறியும் வழி. கடையில் நான் முதலில் செய்வது, அதே கோப்பை வேறொரு ரீடரில் திறப்பது. முடிந்தால் கைப்பேசியிலும் திறந்து பார்ப்பேன். ஒன்றில் திறந்து மற்றொன்றில் திறக்காவிட்டால் குறை ரீடரில். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மறுத்தாலோ, ஒரே மாதிரி கட்டங்கள் தெரிந்தாலோ, குறை கோப்பில். அப்போது எத்தனை மென்பொருள் வாங்கினாலும் பயனில்லை. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதைச் செய்யாமலேயே கணினியை 'ஃபார்மட்' செய்துவிட்டு, பிறகும் கோப்பு திறக்காமல் விழித்தவர்களை நான் அறிவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பினாங்குத் தீவிலிருந்து ஓர் அம்மா கணினிப் பெட்டியைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு ஃபெரியில் ஏறி என் கடைக்கு வந்தார். கணவரின் சேமநிதி அறிக்கை திறக்கவில்லை, ஒருவரிடம் கொடுத்து இரண்டு முறை ரீடரை மாற்றியாயிற்று என்றார். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அளவைப் பார்த்தேன்: 0 கே.பி. பெயர் மட்டும் வந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இடிமழையில் இணையத் தொடர்பு அறுந்தபோது பதிவிறக்கம் அப்படியே நின்றுபோயிருக்கிறது. இரண்டாம் முறை இறக்கியதும் திறந்துகொண்டது. பெட்டியைத் தூக்கி வந்த கூலிகூடத் தேறாத வேலை. நான் காசு வாங்கவில்லை, அவர் விடாமல் ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாதியில் அறுந்த கோப்பு ஏன் முதல் பக்கத்தைக்கூடக் காட்ட மறுக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. பி.டி.எஃப். கோப்பின் பொருளடக்கம் அதன் கடைசியில் இருக்கிறது. எந்தப் பக்கம், எந்த எழுத்துரு, எந்தப் படம் கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற பட்டியலைத் தேடி ரீடர் முதலில் வால்பகுதிக்குத்தான் போகும். வால் அறுந்திருந்தால் முன்னால் உள்ளது எல்லாம் நலமாக இருந்தும் அதற்கு வழி தெரியாது. சில ரீடர்கள் முயன்று கோப்பை முழுவதும் துழாவித் தாமே பட்டியலை மீட்டுக்கொள்ளும். சில கையை விரித்துவிடும். ஒரே கோப்பு ஓரிடத்தில் திறந்து மற்றோரிடத்தில் திறக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே மேலே சொன்ன சோதனையை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. திறக்கும் ரீடர் திறமையாகத் தையல் போட்டிருக்கலாம், கோப்பு கிழிந்தே இருக்கலாம்.

ஐயம் தீராவிட்டால் கோப்பின் தலையைப் பார்த்துவிடலாம். அதன் நகல் ஒன்றை எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள், சேமிக்காமல் மூடிவிடுங்கள். முதல் வரியில் விழுக்காட்டுக் குறி, அதையடுத்து பி.டி.எஃப். என்ற மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகள், ஒரு சிறு கோடு, பிறகு 1.4 அல்லது 1.7 போன்ற பதிப்பெண் இருந்தால் அது உண்மையான பி.டி.எஃப். கோப்பே. கோண அடைப்புக்குறியில் தொடங்கி எச்.டி.எம்.எல். என்ற எழுத்துகள் தெரிந்தால் நீங்கள் இறக்கியது அறிக்கை அன்று, ஓர் இணையப் பக்கம். பெரும்பாலும் உள்நுழைவு காலாவதியாகி, 'மீண்டும் உள்நுழைக' என்னும் பக்கமே அறிக்கையின் பெயரில் இறங்கியிருக்கும். பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் அது சிப் வகைக் கோப்பு, பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி. வேர்ட் ஆவணங்களும் உள்ளுக்குள் அப்படித்தான். அந்த இரண்டு எழுத்தும் சிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் பெயரெழுத்துகள். எவரோ வேர்ட் கோப்பின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார் என்று பொருள். பெயரைத் திருப்பி மாற்றினால் வேர்டில் திறக்கும்.

வங்கி அறிக்கைக்கு வருகிறேன். திரையில் என்ன செய்தி வந்தது என்று நீங்கள் எழுதாததால் இதுதான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல இயலாது. ஆயினும் நம் மலேசியாவில் மின்னஞ்சலில் வரும் வங்கி அறிக்கைகள் பல கடவுச்சொல் இட்டுப் பூட்டப்பட்டவை என்பதால் என் ஊகம் அங்கேதான் போகிறது. கடவுச்சொல்லை எப்படி அமைப்பது என்பது அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கும். அடையாள அட்டை எண்ணின் ஒரு பகுதி, பிறந்த தேதி என்று வங்கிக்கு வங்கி மாறும். இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. அடையாள அட்டையின் 12 இலக்கங்களுக்கு நடுவே அச்சாகியுள்ள கோடுகளைச் சேர்த்து இடுவது ஒன்று. தேதியை நாள், மாதம், ஆண்டு என்று இடுவது இன்னொன்று. அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களில் ஆண்டுதான் முதலில் வரும். கணக்கு உங்கள் அண்ணனின் பெயரில் இருந்தால் எண்ணும் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதும் எளிதில் மறந்துபோகும். இணைய வங்கிச் சேவைக்கான கடவுச்சொல் வேறு, இது வேறு, எந்தப் பி.டி.எஃப். கோப்பாவது வங்கிச் சேவையின் கடவுச்சொல்லைக் கேட்டால் அதை மூடிவிடுங்கள். தவறாக இட்டுவிட்டால் கணக்கு முடங்கிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம், கோப்புக்குள் முயற்சிகளை எண்ணும் கருவி எதுவும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம்.

சரியான கடவுச்சொல்லை இட்டும் மறுக்கிறது என்றால், அண்ணன் காலத்து ரீடர் மிகப் பழையதாக இருக்கக்கூடும். பூட்டும் முறை காலந்தோறும் வலுப்பெற்று வந்திருக்கிறது. தொடக்கத்தில் 40 பிட் திறவுகோல், பிறகு 128, இப்போது 256. புதிய பூட்டின் அமைப்பே தெரியாத பழைய ரீடர், கோப்பு கெட்டுவிட்டது என்றோ கடவுச்சொல் தவறு என்றோ சொல்லிவிடும். சுமாத்ராவின் அண்மைப் பதிப்பு இதைத் தாண்டிவிடும். கடவுச்சொல் அறவே தெரியவில்லை என்றால் வங்கியிடம் புதிய பிரதி கேட்பதே வழி. இலவசமாகப் பூட்டை நீக்கித் தருகிறோம் என்னும் இணையதளங்களில் அறிக்கையை ஏற்றாதீர்கள். பெயர், முகவரி, கணக்கு எண், மாதம் முழுதும் செய்த செலவு ஆகிய அத்தனையும் முகம் தெரியாத ஒருவரின் கணினிக்கு உங்கள் கையாலேயே போகும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டதைத் தாண்டிப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம்: விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் நிறுத்திவிட்டது. அந்தக் கணினியில் மகளின் பயிற்சித்தாளைப் படிப்பதில் எனக்கு மறுப்பில்லை. வங்கித் தளத்தில் உள்நுழைவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றே சொல்வேன்.

பயிற்சித்தாளில் தெரியும் கட்டங்கள் எனக்கு நெருக்கமான பொருள். சற்று விரித்தே சொல்ல வேண்டும். பி.டி.எஃப். கோப்பு, எழுத்துகளின் உருவங்களைத் தன்னுடனேயே சுமந்து செல்ல வல்லது. ஆசிரியர் தம் கணினியில் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு கோப்புக்குள் பொதிந்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத உங்கள் கணினியிலும் பக்கம் அச்சு மாறாமல் தெரியும். பொதியாமல் வந்தால், உங்கள் கணினியில் கிடைக்கும் வேறோர் எழுத்துருவை ரீடர் ஈடாக வைக்கும். அந்த ஈட்டில் தமிழ் உருவங்கள் இல்லையென்றால் கட்டங்களோ புள்ளிகளோ தெரியும். பொதியாமல் போவதற்குச் சில பழைய மாற்றிச் செயலிகள் காரணமாகலாம். பொதியக் கூடாது என்று எழுத்துருவுக்குள்ளேயே அதை உருவாக்கியவர் வைத்த அனுமதித் தடையும் காரணமாகலாம். விண்டோஸில் லதா என்னும் தமிழ் எழுத்துரு விண்டோஸ் 2000 முதலே உடன்வருவதால், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய யூனிகோடில் தட்டச்சு செய்யப்பட்ட தாள் என்றால் உங்கள் கணினியில் தமிழ் உருவங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் ரீடர் ஈடு வைக்கும்போது அதைத் தேடி எடுக்கும் என்று உறுதி கூற முடியாது. அடோபி ரீடர் இருந்தால் கன்ட்ரோல் விசையுடன் டி-யை அழுத்திப் பாருங்கள். வரும் பெட்டியின் 'ஃபான்ட்ஸ்' பகுதியில் எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும், ஒவ்வொன்றும் பொதிந்ததா இல்லையா என்பது பெயருக்கு அருகிலேயே தெரியும். தமிழ் எழுத்துருவின் பக்கத்தில் அந்தக் குறிப்பு இல்லையென்றால், ஆசிரியரிடம் வேர்டிலிருந்து நேரடியாகப் பி.டி.எஃப். ஆகச் சேமித்து அனுப்பும்படி கேளுங்கள். தம் கணினியில் சரியாகத் தெரிவதால் அவர் முதலில் நம்ப மாட்டார். உங்கள் திரையைப் படமெடுத்து அனுப்பினால் நம்புவார்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. பள்ளி வேலையில் அடுத்து உங்களுக்கு வரக்கூடியது அதுதான். பக்கம் கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஆனால் ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக விழும். யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பல குறியீட்டு முறைகள் இருந்தன: டிஸ்கி ஒன்று, 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் இரண்டு, இவை தவிர ஒவ்வோர் எழுத்துரு நிறுவனத்துக்கும் சொந்தமாக ஒன்று. நம் நாட்டில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் கொண்டு அச்சேறிய பக்கங்கள் ஏராளம். அன்றைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கும் குறிக்கும் உரிய எண்களில்தான் தமிழ் உருவங்கள் குந்தியிருந்தன. உருவம் பொதிந்திருப்பதால் கண் தமிழைக் காண்கிறது. நகலெடுக்கும்போது கையில் வருவது எண் மட்டும். யூனிகோடில் செய்த கோப்பிலும் சிக்கல் முழுதும் தீர்ந்துவிடவில்லை. 'பொங்கல்' என்று தெரியும் சொல்லை ஒட்டினால் 'ெபாங்கல்' என்று கொம்பு முன்னால் ஓடிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுதும் முறையில் கொம்பு மெய்க்குப் பின் சேமிக்கப்பட வேண்டும், வரையும் முறையில் அது மெய்க்கு முன் நிற்க வேண்டும். வரைந்த வரிசையையே கோப்பு நினைவில் வைத்திருந்தால் இப்படி ஆகும். அப்படிப்பட்ட கோப்பில் 'பொங்கல்' என்று தேடினாலும் கிடைக்காது. ரீடர்மேல் பழி போடுவதில் நியாயமில்லை. எழுதியவரின் மென்பொருள் விட்ட குறை.

ஒருமுறை தண்ணீர்மலைத் தைப்பூசத்தை ஒட்டி ஓர் அமைப்பினர் பழைய மலர் ஒன்றின் பி.டி.எஃப். கோப்பைக் கொண்டுவந்து, அதிலுள்ள கட்டுரைகளை எடுத்துப் புதிய மலரில் சேர்க்க வேண்டும், ஒருநாள் வேலைதானே என்றார்கள். பக்கங்கள் பளிங்கு போலத் தெரிந்தன. உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. குறியீட்டு மாற்றி எதற்கும் அது அடங்கவில்லை. பொதிந்த எழுத்துருவின் எண்களைக் கோப்பைச் செய்த செயலி தன் விருப்பத்துக்கு மாற்றி அடுக்கியிருந்தது. கடைசியில் பக்கங்களைப் படமாக எடுத்து, தமிழ் எழுத்துணரி கொண்டு படிக்கவைத்து, 'ண', 'ன' மயக்கங்களை உட்கார்ந்து திருத்தினோம். இப்போது கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தாலும் இந்த எழுத்துணர்தல் ஓரளவு நன்றாகவே நடக்கிறது. டெசராக்ட் என்னும் இலவசச் செயலியும் தமிழ் அறியும். ஆனால் இரண்டின் விளைவையும் படித்துப் பாராமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

படிவங்களைப் பற்றி இரண்டு வரி. சில படிவங்கள் பல உலாவிகளிலும் சுமாத்ராவிலும் திறக்கும்போது, சற்றுப் பொறுங்கள் என்று தொடங்கும் ஓர் ஆங்கிலச் செய்தியை மட்டும் காட்டி, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அப்படியே நிற்கும். எக்ஸ்.எஃப்.ஏ. என்னும் தனிமுறையில் செய்த படிவம் அது. அடோபியின் இலவச ரீடரில் திறக்கும். உங்கள் வீட்டில் அடோபி ரீடர் உண்மையில் தேவைப்படும் இடங்கள் இதுவும், மின்னொப்பத்தைச் சரிபார்ப்பதும் மட்டுமே என்பேன். பெரும்பாலான உலாவிகள் ஒப்பத்தின் படத்தைக் காட்டும். அது செல்லுமா என்பதைச் சொல்லாது.

புலனத்தில் வரும் எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. விண்டோஸ் இயல்பாகவே கோப்புப் பெயரின் கடைசியில் அதன் வகையைச் சொல்லும் ஒட்டை மறைத்துவிடும். பி.டி.எஃப். என்று முடிவதுபோலத் தெரியும் கோப்பின் உண்மையான முடிவு இ.எக்ஸ்.இ. ஆக இருக்கலாம், அது ஆவணமன்று, இயங்கும் நிரல். கோப்புறைச் சாளரத்தின் விருப்பங்களில் ஒட்டை மறைக்கும் குறியை எடுத்துவிட்டால் பெயர் முழுதும் தெரியும். கைப்பேசியில் திருமண அழைப்பிதழ் என்று சொல்லி வரும் ஏ.பி.கே. கோப்பும் இதே வஞ்சகம்தான். அழைப்பிதழைப் பார்க்க எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை.

ஆகவே இன்று மாலையே சுமாத்ராவை இட்டு இரண்டு கோப்பையும் திறந்து பாருங்கள். வங்கி அறிக்கை கடவுச்சொல் கேட்டால் மின்னஞ்சலில் உள்ள விளக்கத்தின்படி இடுங்கள். பயிற்சித்தாளில் அப்போதும் கட்டங்கள் தெரிந்தால், அதே கோப்பைக் கைப்பேசியிலும் திறந்து, அங்கும் கட்டமா என்று பாருங்கள். அப்படியும் தீராவிட்டால், திரையில் வரும் செய்தியைச் சொல் மாறாமல், கோப்பின் அளவையும் நோட்பேடில் தெரியும் முதல் வரியையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அறிக்கையை மட்டும் அனுப்ப வேண்டாம். ஆப்பிள் கணினியில் இதே குறை என்றால் வேறு எவரையாவது கேளுங்கள். என் கடைக்கு அது ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தால் அதிகம்.